ஓட்டை போடாத கேன்

அத்தியாயம் 11

ஒர்க்‌ஷாப் சுவரில் கரும்பலகையை மாட்டி, அதன் கீழே நின்று கரோலின் போட்டோ எடுத்துக்கொண்டாள் அல்லவா போன வாரம்? அந்தச் சந்தோஷம் முழுசாக ஆறு நாள்கூடத் தாங்கவில்லை.

பலகையைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. அதில் மூன்று கட்டங்கள். ஆர்மோல், நார்சோ, வெல்கிராஃப் என்று மூன்று சிந்தெடிக் எஞ்சின் ஆயில்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எது சத்தமில்லாமல் எழுந்திருக்கிறது, சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றாலும் எது நீர்த்துப் போகாமல் இருக்கிறது, எது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாங்குகிறது என்று ஒரு வருஷம் நாற்பது வண்டிகளைக் கவனித்து எழுதியிருந்தாள். கடைசி வரி இது: "தினமும் ஓடும் பெட்ரோல் கார்களுக்கு என் சிபாரிசு ஆர்மோல்." அதன் கீழே கையெழுத்து. கரோலின் சந்தியாகு, ஆட்டோமொபைல் இன்ஜினீயர்.

"ஆயில் வாங்கிட்டு வாரது நானு, பேரு வாங்கறது அக்காவா?" என்று தம்பி பிராங்க் அன்றைக்கே நக்கலடித்தான். ஒண்டிப்புதூரில் முப்பது வருஷமாக அந்த ஒர்க்‌ஷாப்பை நடத்தும் அப்பா சந்தியாகு மட்டும் சிரிக்கவில்லை. "கையெழுத்துப் போட்டுட்டயில்ல அம்மணி, இனி அதுக்கு நீதான் ஜவாப்பு" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்த ஜவாப்பைக் கேட்டு ஆள் வந்துவிட்டது.

இழுவை வண்டியின் முதுகில் ஒரு வெள்ளைக் கார். மஞ்சள் போர்டு. டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து நஸ்ரியா குதித்து இறங்கினாள். கரும்புக்கடை ஏரியாவில் வீடு. காலையும் மாலையும் நான்கு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள், நடுவில் வாடகைக்கு ஓட்டுவாள். அவள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கார் ஓடுவதால்தான். தலையில் போட்ட முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராகப் பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க கரோலின், மொதல்ல இந்தப் போர்டைக் கழட்டுங்க."

"என்னாச்சுங்க்கா?"

"என்ன ஆச்சா? சுங்கம் பைபாஸ்ல நாலு பிள்ளைங்களோட நடுரோட்டுல நின்னு போச்சுங்க. செவப்பு லைட்டு எரிஞ்சுது. ஓரங்கட்டறதுக்குள்ள கடகடன்னு ஒரு சத்தம். அப்பறம் மூச்சே இல்லை. ஸ்டியரிங்கு கல்லாட்டம் ஆயிருச்சு. பின்னாடி வந்த லாரிக்காரன் எப்படி ஒடிச்சான்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். யு.கே.ஜி. பிள்ளை ஒண்ணு பயத்துல வாந்தி எடுத்துபோட்டுதுங்க."

எங்கள் ஊர்ப்பக்கம் எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த 'ங்க' மட்டும் போகாது. 'ங்க' போட்டுத் திட்டு வாங்குவதற்குக் கன்னத்தில் இரண்டு வாங்கிக்கொள்வது எவ்வளவோ மேல். கரோலினுக்கு அன்று அது தெரிந்தது.

"ஆயில் மாத்திப் பதினெட்டே நாளு. நான் நாலு வருசமா நார்சோதான் ஊத்திட்டிருந்தேன். வண்டி ஒரு தும்மல் போட்டதில்லை. அதைவிட இது தேவலைன்னு நீங்கதான் சொன்னீங்க. படிச்ச பிள்ளை சொல்லுதேன்னு மாத்துனேன் பாருங்க, என்னையச் செருப்பால அடிக்கோணும்."

கரோலினுக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் சந்தியாகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அம்மணி, கோவிச்சுக்காதீங்க. ஆயில் லெவலு நடுவுல பாத்தீங்களா? ஏசி போட்டுட்டு ஒரே எடத்துல மணிக்கணக்கா நின்னீங்களா?"

"ஆக, தப்பு என்ற மேலன்னு சொல்ல வாரீங்க."

"அப்படிச் சொல்லலைங்க."

"வேற எப்படீங்க சொல்றீங்க?"

உள்ளே ஸ்பேர்ஸ் கவுண்டரில் இருந்த பிராங்க் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "டாக்ஸி வண்டின்னா அப்படித்தானுங்க. ஓட்டறவங்க எப்படி ஓட்டறாங்கன்னு நமக்கென்ன தெரியும்?" என்றான்.

அவனை அங்கேயே நான்கு அறை விட வேண்டும் என்று எனக்கே தோன்றுகிறது. நஸ்ரியாவுக்குத் தோன்றாமல் இருக்குமா? ஆனால் அவள் சத்தம் போடவில்லை. வாடிக்கையாளருக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, பலகைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலைல ஆறே முக்காலுக்கு அந்த நாலு பிள்ளைங்களும் பையை மாட்டிட்டு வாசல்ல நிக்குமுங்க. நான் போகலைன்னா மறுநாளு வேற வண்டி பேசிருவாங்க. என்ற வண்டி எதனால போச்சுன்னு தெரியாம நான் இங்கிருந்து எந்திரிக்க மாட்டேன்."

"சொல்றேனுங்க்கா. பொழுது சாயறதுக்குள்ள சொல்லிப்போடறேன்" என்றாள் கரோலின்.

அப்பா அவளை முறைத்தார். எதற்கு வாக்குக் கொடுக்கிறாய் என்று அர்த்தம். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

காரை இறக்கி, லிஃப்டில் ஏற்றி, அடியில் போல்ட்டைக் கழற்றினாள். டிரேயில் விழுந்ததை ஆயில் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. தார் மாதிரி கெட்டியாக, சொட்டுச் சொட்டாக விழுந்தது. டார்ச் அடித்தபோது உள்ளே மினுமினுவென்று இரும்புத் தூள். எஞ்சின் மேல்மூடியைக் கழற்றினால் மூலை முடுக்கெல்லாம் கருப்பாக அப்பிக் கிடந்தது. பதினெட்டு நாள் ஓடிய சிந்தெடிக் ஆயில் இந்தக் கோலத்தில் இருக்காது. பதினெட்டு மாதம் ஓடினால்கூட இருக்காது.

பேரிங் போய்விட்டது. அது தாங்கும் கிராங்க் தண்டிலும் கீறல் இருக்கும். எஞ்சினை முழுசாகப் பிரித்தாக வேண்டும்.

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது ஆர்மோல் மேல். ஒரு வருஷம் நோட்டுப் போட்டுப் பார்த்தேனே, என் கண்ணையே ஏமாற்றிவிட்டானா? பிறகு கோபம் தன் மேலேயே திரும்பியது. நாற்பது வண்டியைப் பார்த்துவிட்டு நாலாயிரம் வண்டியைப் பார்த்தவள் மாதிரி கையெழுத்துப் போட்டோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கோபத்தில் அவளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கையைச் சும்மா வைத்திருக்க மாட்டாள். சோதனை செய்த காலத்தில் மூன்று ஆயில்களிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டில்களில் அடைத்து, தேதி ஒட்டி வைத்திருந்தாள். மூன்றையும் எடுத்தாள். கவுண்டருக்குப் பின்னாலிருந்த ரேக்கில் இப்போது விற்றுக்கொண்டிருக்கும் ஆர்மோல் கேன் ஒன்றைப் பிரித்து, அதிலிருந்து நான்காவது பாட்டில் ஒன்று பிடித்தாள்.

"புதுக் கேனை எதுக்கக்கா பிரிக்கறே?" என்றான் பிராங்க்.

"குடிக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

ஒர்க்‌ஷாப்புக்கு மேலேதான் வீடு. பின்பக்கக் குழாயடியில் அம்மா சூசைமேரி குந்தி உட்கார்ந்து காலி ஆயில் கேன்களைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கேன்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. பக்கத்தில் ஒரு துண்டின் மேல் மூடிகள் தனியாகக் காய்ந்தன. மாதத்தின் முதல் ஞாயிறு அவர்கள் பங்குக் கோயிலில், அதாவது அந்த வட்டாரத்துச் சர்ச்சில், பழைய சாமான் சேகரிப்பார்கள். பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் என்று ஒவ்வொரு வீடும் கொடுப்பதை விற்று, கோயில் மண்டபத்துக்குக் கூரை போடும் நிதியில் சேர்ப்பார்கள். சந்தியாகு வீட்டுக் காணிக்கை காலி கேன்கள்.

"ஃபிரீசரைத் தொறக்கறேம்மா."

"அதுல வஞ்சிரம் இருக்குது. எதுக்கு?"

"ஆயில் வெக்கோணும்."

"மீன் வெச்ச எடத்துல ஆயிலா? கெரகம், உனக்குப் புத்தி கித்தி பெசகிப்போச்சா?"

வஞ்சிரம் வெளியே வந்தது. நான்கு பாட்டில்களும் உள்ளே போயின. சூசைமேரி புலம்பிக்கொண்டே மீனைக் குழம்பாக்கக் கிளம்பினாள்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கரோலின் பாட்டில்களைக் கொண்டுவந்து நஸ்ரியா கண்ணெதிரிலேயே மேஜையில் வைத்தாள். மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சாய்த்தாள். நார்சோ தேன் மாதிரி மெதுவாக இறங்கியது. வெல்கிராஃப் அதைவிடக் கொஞ்சம் தாமதமாக. போன வருஷத்து ஆர்மோல் மூன்றிலும் முந்தி இறங்கியது. இன்றைக்குப் பிரித்த ஆர்மோலைச் சாய்த்தாள். அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தாள். அப்போதும் பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

நஸ்ரியா எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். "ரெண்டுமே ஒரே பேருதானுங்க?"

"பேரு மட்டும்தானுங்க்கா ஒண்ணு."

ஒரு வருஷமாக மூன்று கம்பெனிகளுக்கு மார்க் போட்டவளுக்கு, ஒரே கம்பெனியின் இரண்டு கேன்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை. தோன்றியிருக்க வேண்டும் என்று அவளுக்கு இப்போது எரிச்சலாக இருந்தது. கம்பெனி அவளை ஏமாற்றவில்லை. எவனோ மட்டமான ஆயிலை அந்தக் கம்பெனியின் கேனில் ஊற்றி விற்றிருக்கிறான்.

"பிராங்க், இங்க வா."

வந்தான். பாட்டிலைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இந்த லாட்டு எங்க வாங்குனே? நம்ம டீலர்கிட்டயா?"

"டீலர்கிட்ட ஸ்டாக் இல்லைன்னாங்க. உடுமலைப்பேட்டைல ஒரு கடையை மூடறாங்கன்னு கேள்விப்பட்டு அங்கிருந்து எடுத்தேன். பன்னெண்டு பொட்டி. வெலையும் கொறைச்சல்."

"மூடில ஹாலோகிராம் பாத்தயா? கோடு நம்பரைச் சுரண்டிப் பாத்தயா?"

"பாத்தேங்கறேன். எல்லாம் பளபளன்னு இருந்துது. டூப்ளிகேட்டுன்னு நெத்திலயா எழுதியிருக்கும்? என்னையும்தான் ஏமாத்திப்போட்டாங்க!"

"அவன் என்னடி பண்ணுவான்?" சந்தியாகு குறுக்கே வந்தார். "கடை கடையா அலைஞ்சு சாமான் வாங்கறவன் அவன். பையன் ஏமாந்துட்டான். அதுக்கு அவனைக் கூண்டுல ஏத்துவயா? ஊருக்குள்ள எத்தனை டூப்ளிகேட்டு ஓடுது, எவன் கண்டான்!"

அம்மணியாக இருந்த மகள் ஒரு நொடியில் 'என்னடி' ஆகிவிட்டாள். மகனைப் பற்றிப் பேச்சு வந்தால் சந்தியாகு எப்போதும் இப்படித்தான். கடை வாசல் போர்டில் 'சந்தியாகு அண்டு சன்' என்று எழுதிவைத்துவிட்டு, கார் கழற்றுவதற்கு மட்டும் மகளைக் கூப்பிடுகிறவர். இதைப் பத்து வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பேசிக்கொண்டே அவர் பிரித்த கேனைக் கையில் எடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. லேபிள் கோணவில்லை, எழுத்து மங்கவில்லை. கேனின் அடியைத் தாங்கிப் பிடித்திருந்த இடது கைப் பெருவிரல் ஓர் இடத்தில் நின்றது. மறுபடி தடவினார்.

"அந்த டார்ச்சைக் குடு."

கேனைக் கவிழ்த்து, அடியில் சாய்வாக வெளிச்சம் அடித்தார். யாரோ உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். தேய்த்த இடத்துக்கு அடியில் லேசாக நான்கு எண்கள் தெரிந்தன. 2, 8, 0, 7.

சந்தியாகு ரேக்குக்குப் போய் இன்னொரு கேனை எடுத்துக் கவிழ்த்தார். ஒன்றுமில்லை. அடுத்தது. அதிலும் இல்லை. ஐந்தாவது கேனில் 6, 1, 7, 3. அந்த ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

"என்னங்க அது?" என்றாள் நஸ்ரியா.

"என்ற கையெழுத்துங்க அம்மணி."

விஷயம் இதுதான். ஆயில் மாற்றும்போது வண்டிக்காரர் கண்ணெதிரே கேனைப் பிரித்து, அந்த வண்டியின் நம்பரைக் கேனின் அடியில் ஆணியால் கீறிவைப்பது சந்தியாகுவின் பழக்கம். உன் கேனில் இருந்து உன் வண்டிக்குத்தான் ஊற்றினேன் என்பதற்குச் சாட்சி. கரோலின் வந்த பிறகு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்ப ஆரம்பித்ததால், ஒன்றரை வருஷமாக ஆணியை எடுப்பதில்லை. ஆனால் அதற்கு முன்னால் கீறிய கேன்கள் இந்த ஒர்க்‌ஷாப்பிலேயே காலியாகி, இந்த வீட்டுக் குழாயடியிலேயே கழுவப்பட்டு வெளியே போனவை.

இப்போது சீல் வைத்துப் புதுசாகத் திரும்பி வந்திருக்கின்றன.

கரோலினுக்குக் குழாயடி கண்முன் வந்தது. கவிழ்த்துவைத்த கேன்கள். துண்டின் மேல் காயும் மூடிகள்.

"நான் சொன்னனா இல்லையாப்பா?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "அவினாசி ரோட்டு கம்பெனி சர்வீஸ்ல ஆறு வருசம் வேலை பாத்தேன். அங்க காலிக் கேன் ஒண்ணுகூட முழுசா வெளிய போகாது. ஸ்க்ரூடிரைவரால குத்தி ஓட்டை போட்டுத்தான் அனுப்புவோம். இங்க வந்த மொத வாரமே குத்த ஆரம்பிச்சேன். யாரு தடுத்தா?"

"நான்தான்."

"என்ன சொல்லித் தடுத்தீங்க?"

அவர் சொன்னது அவளுக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருந்தது. கோயிலுக்குக் கொடுக்கிறதை உடைத்தா கொடுப்பார்கள்? காணிக்கை என்றால் முழுசாக இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும். அந்த ஒரு பேச்சுக்காக அவள் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். அம்மா கேன்களை மூடியோடு கழுவி, துடைத்து, புதுப்பெண் மாதிரி அனுப்பிவைத்தாள். பிளாஸ்டிக் வாங்குகிறவனுக்கு மூடியோடு கூடிய முழுக் கேன் எதற்கு என்று வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"எவனோ பண்ணுன திருட்டுத்தனத்துக்குக் கோயிலை இழுக்காதே" என்றார் சந்தியாகு.

"நான் கோயிலை இழுக்கலைங்கப்பா. நம்மளை இழுக்கறேன். நம்ம கையால கழுவி, மூடி போட்டு, திருடனுக்குக் குடுத்திருக்கறோம்!"

"சத்தம் போடாதே!"

"போடுவேன்! அந்தம்மா நாலு பிள்ளைங்களோட நடுரோட்டுல நின்னிருக்காங்க. உங்களுக்கு என்ற சத்தம்தான் பெருசா?"

சந்தியாகு கேனைத் தரையில் ஓங்கி அடித்தார். அது உடையவில்லை. எகிறி லிஃப்டுக்கு அடியில் போய் உருண்டது. மிச்சமிருந்த ஆயில் தரையெல்லாம் கொட்டியது. யாரும் துடைக்கப் போகவில்லை.

கரோலின் ரேக்கில் இருந்ததை எண்ணினாள். பிரித்ததையும் சேர்த்துப் பதினேழு கேன். பன்னிரண்டு பெட்டிக்கு நாற்பத்தெட்டு, வண்டிக்கு ஒன்று. முப்பத்தொரு கார்களுக்கு இந்த விஷம் ஊற்றப்பட்டிருக்கிறது. அதில் ஒன்று நஸ்ரியாவுடையது. மீதி முப்பது கார்கள் இந்த நிமிஷமும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கின்றன.

போனை எடுத்தாள்.

"யாருக்குப் போடறே?" என்றார் அப்பா.

"எல்லாருக்கும். வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லப் போறேன்."

"பொறு கண்ணு." அவர் குரல் இறங்கிவிட்டது. "இப்படி ஒடைச்சுச் சொல்லாதே. இலவசமா செக்கப் பண்றோம், வண்டியைக் கொண்டாங்கன்னு சொல்லு. வந்ததும் நாமளே ஆயிலை எறக்கிட்டு நல்லதை ஊத்திப்போடலாம். ஒருத்தனுக்கும் தெரிய வேண்டாம். முப்பது வருசத்துப் பேரும்மா. ஒரு நாள்ல போயிரும்."

"இலவசம்னா அவங்கெல்லாம் ஞாயித்துக்கெழமைதான் வருவாங்க. அதுவரைக்கும் ஓட்டுவாங்க. ஒருத்தர் வால்பாறை போவாரு, இன்னொருத்தர் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போவாரு. நடுவழில நின்னா?"

"அப்படியெல்லாம் ஆகாது."

"ஆயிருச்சேங்கய்யா" என்றாள் நஸ்ரியா.

சந்தியாகு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். கரோலின் முதல் நம்பரைப் போட்டாள். பீளமேட்டில் ஒரு பேங்க்காரர். "நான் ஊத்துன ஆயில் போலிங்க சார். தெரியாம ஊத்திட்டோம். தப்பு எங்க மேலதான். வண்டியை எடுக்காதீங்க, நாங்களே வந்து இழுத்துட்டு வாரோம்" என்றாள். அந்தப் பக்கம் இரண்டு நிமிஷம் வசவு. கேட்டுக்கொண்டாள். இரண்டாவது நம்பர். மூன்றாவது. ஒரு டாக்டரம்மா, "உன்னை நம்பித்தானேம்மா போர்டைப் பார்த்து ஊத்தச் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியவர்களைவிட அதுதான் அவளை அதிகம் சுட்டது.

ஒன்பதாவது போனை முடித்துவிட்டு எழுந்து போய், பலகையில் தன் சிபாரிசு வரியை உள்ளங்கையால் அழித்தாள். அந்த இடத்தில் எழுதினாள்: "கடந்த ஒரு மாதத்தில் இங்கே ஆயில் மாற்றியவர்கள் வண்டியை எடுக்க வேண்டாம். ஊற்றியது போலி ஆயில்." கையெழுத்தை மட்டும் அழிக்காமல் விட்டாள்.

நஸ்ரியா அதை வாசித்தாள். காலையிலிருந்து கல்லாக இருந்த முகம் கொஞ்சம் இளகியது.

"எனக்குக் கோவம் போகலைங்க கரோலின். அது வேற. ஆனா நீங்க ஒளிக்கலை பாருங்க, அதைச் சொல்லோணும். சரி, நாளைக்கு என்ற பிள்ளைங்களுக்கு என்ன வழி?"

கரோலின் வாயைத் திறப்பதற்கு முன்னால் சந்தியாகு எழுந்தார். செய்த தப்புக்கு ஏதாவது ஒன்றையாவது சரிசெய்ய வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

"உங்க எஞ்சின் என்ற செலவு அம்மணி. அது ஆகறவரைக்கும் பிராங்க் காரை எடுத்துட்டுப் போங்க. மஞ்சள் போர்டு இல்லைதான், பிள்ளைங்க அப்பா அம்மாகிட்ட நானே பேசறேன். ஏன்டா, சாவியைக் குடு."

நஸ்ரியா கையை நீட்டவில்லை.

"எடுத்துட்டுப் போறேனுங்க. ஆனா அதுல எந்த ஆயில் ஊத்தியிருக்கீங்க? அதையும் பாத்துச் சொல்லுங்க. இன்னொரு தடவை நடுரோட்டுல நிக்க என்னால முடியாது."

பிராங்க் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். இந்த இடத்திலாவது நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ, காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்த முகமாகப் பேசினான்.

"அதுல ஒண்ணும் பயமில்லைங்க்கா. தைரியமா எடுத்துட்டுப் போங்க. என்ற வண்டிக்குப் பழைய ஸ்டாக்குதானுங்க ஊத்துனேன்."

கரோலின் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"எப்போ ஊத்துனே?"

"எப்பவோ. ஞாபகமில்லை."

அவளுக்குத்தான் ஞாபகம் தேவையில்லையே. எல்லா வண்டிக்கும் போட்டோ உண்டு, தேதி உண்டு. விரலால் தள்ளிக்கொண்டே போனாள். நின்றாள்.

"பத்தொம்பது நாளைக்கு முன்னால. நஸ்ரியாக்கா வண்டிக்கு மொத நாளு. அப்ப இந்தப் பன்னெண்டு பொட்டியும் வந்து ரேக்குல நிக்குது. பழைய கேன் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அதை எடுத்து உன்ற வண்டிக்கு ஊத்தியிருக்கே. அடுத்த நாளு வந்தவங்களுக்குப் புதுசை எடுத்துக் குடுத்திருக்கே."

"அது... கைக்கு முன்னாடி இருந்துது, எடுத்தேன்."

"பழைய கேனு பின்வரிசைலதான்டா இருந்துது. நான்தான் வெச்சேன்."

  நஸ்ரியா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பிராங்கையே பார்த்தாள். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சந்தியாகு மெதுவாக நடந்து மகன் முன்னால் வந்து நின்றார். அவன் கையிலிருந்த சாவியை வாங்கி நஸ்ரியாவிடம் கொடுத்தார்.  

"டூப்ளிகேட்டுன்னு உனக்குத் தெரியும்."

"அப்பா..."

"தெரிஞ்சே ஊத்துனே. பிள்ளைங்க ஏறற வண்டிக்கு ஊத்துனே. உன்ற வண்டிக்கு மட்டும் நல்லது பாத்து எடுத்தே. பையன் ஏமாந்துட்டான்னு நான் காலைல இருந்து பொட்டப்பிள்ளைகிட்ட உனக்காகச் சண்டை போட்டேன்டா."

"எனக்கு என்னப்பா தெரியும்? சந்தேகமாத்தான் இருந்துது, அவ்வளவுதான். கேக்கலாம்னா..."

"உடுமலைல கடையும் இல்லை, ஒண்ணும் இல்லை. அப்படித்தானே?"

பிராங்க் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"கோயிலுக்குக் குடுக்கற கேனு திரும்ப நம்ம கடைக்கே வருதுன்னா, நடுவுல ஒரு ஆளு இருக்கறான். அவன்கிட்டத்தான் நீ வாங்கியிருக்கறே. யாருடா அது?"

"வேண்டாம்ப்பா."

"யாரு?"

பிராங்க் இப்போதுதான் நிமிர்ந்து அப்பாவின் கண்ணைப் பார்த்தான். அதில் வெட்கம் இல்லை. பயம் இருந்தது.

"பேரைச் சொன்னா நீங்க கோயிலுக்குள்ள கால் வெக்க முடியாதுங்கப்பா. நீங்க மட்டுமில்லை, அம்மாவும்தான். அவங்களை எதுத்து நம்ம பங்குல ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க."

மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. கழுவிய கேன்களை ஒரு சாக்குப்பையில் போட்டு, மூடிகளைத் தனியாக ஒரு கவரில் கட்டி எடுத்துக்கொண்டு சூசைமேரி இறங்கி வந்துகொண்டிருந்தாள். நான்கு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு நடுப்படியிலேயே நின்றுவிட்டாள்.

சந்தியாகு மனைவியைப் பார்த்தார். அவள் கையில் இருந்த பையைப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"நான் ரோட்டுல முட்டி போட்டுச் செபம் பண்ணிக்கறேன். நீ பேரைச் சொல்லு."